கத்தரிப்பூ நிறத்தில் ஒரு கிருமி

"நீங்கள் பாத்தனீங்களோ மிஸி?"

அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான். வயிற்றுக்குள் வைத்த குழாய் வழியாக வீட்டிலேயே குருதியைச் சுத்திகரித்துக்கொள்ளும் சிறுநீரக நோயாளிகளுக்கும், அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களுக்கும் பயிற்சி கொடுக்கும் தாதியாக அப்போது நான் வன்னியில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை செய்தேன். கை கழுவாமல் குழாயைத் தொட்டால் கிருமி வயிற்றுக்குள் போய்விடும் என்று படத்தைக் காட்டிச் சொல்லிக்கொண்டிருந்தேன். படத்தில் இருந்த கிருமி பச்சை நிறம். அதற்குக் காலும் பல்லும் கூட இருந்தன.

"எதை ஐயா?"

"இந்தக் கிருமியை. நேரை பாத்தனீங்களோ?"

"இல்லை" என்றேன். படிக்கிற காலத்தில் புத்தகத்தில் பார்த்ததுதான். அவர் தலையை ஆட்டிக்கொண்டார். நக்கல் ஏதும் முகத்தில் இல்லை. பயிற்சி முடிந்ததும் நோயாளியான மனைவியை வாங்கில் இருத்திவிட்டு நேரே ஆய்வுகூடத்துக்குப் போய்விட்டார். அங்கே பொறுப்பாக இருந்தவரை நாங்கள் எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். கண்டிப்பான மனுசி. இரண்டு முறை துரத்தியும் போகாமல் வாசலில் நின்றவரை மூன்றாம் முறை உள்ளே கூப்பிட்டு நுணுக்குக்காட்டியில் பார்க்க விட்டிருக்கிறார்.

திரும்பி வந்து எனக்கு அறிக்கை சொன்னார். "பல்லு இல்லை மிஸி. புள்ளி புள்ளியாத்தான் கிடக்கு. உந்தப் படத்தை மாத்துங்கோ. உவ்வளவு பெரிசா இருந்தா ஆர் பயப்பிடப் போகினம்? பிடிச்சு எறிஞ்சு போடலாமே."

அடுத்த வகுப்பிலிருந்து நான் அந்தப் படத்தைக் காட்டவில்லை.

ஒட்டுசுட்டானுக்கு உள்ளே, காட்டோரமாக அவருக்குக் கொஞ்சம் வயலும் கச்சான் கடலை போடுகிற மேட்டுக் காணியும் இருந்தன. தாயும் தகப்பனும் மலையகத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்துவிட்டு, கலவரத்துக்குப் பயந்து கைப்பிள்ளையோடு வன்னிக்கு வந்தவர்கள். அந்தக் கைப்பிள்ளை இவர். பேச்சு எங்கள் பேச்சுத்தான். கோபம் வந்தால் மட்டும் தாயின் மலையகத் தமிழ் வெளியே வரும். அதை வைத்துத்தான் அவருக்குக் கோபம் வந்துவிட்டது என்று நான் கண்டுபிடிப்பேன். குரல் ஒருநாளும் உயராது.

எதையும் தன் கண்ணால் பார்க்காமல் அவர் நம்பமாட்டார். விதைக் கச்சான் வாங்கப் போனால் மூட்டையின் அடிவரை கையை விட்டு ஒன்றை எடுத்து உடைத்துப் பார்த்த பிறகுதான் விலை பேசுவார். அவர்கள் ஊரில் யானைக்காக மின்சார வேலி போட்டிருந்தார்கள். வேலி வேலை செய்கிறது என்று வந்த அலுவலர் சொல்லிக்கொண்டு நிற்க, இவர் ஒரு நீளப் புல்லைப் பிடுங்கிக் கம்பியில் வைத்துப் பார்த்தாராம். கையில் மின்சாரம் ஒரு சுண்டு கூடச் சுண்டவில்லை. "சேர், நீங்களும் ஒருக்காப் பிடிச்சுப் பாருங்கோ" என்று புல்லை நீட்டியிருக்கிறார். அடுத்த கிழமையே வேலியைத் திருத்திவிட்டார்கள். இதை அவர் மனைவி சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

ஏன் இப்படி என்று ஒருமுறை கேட்டேன். "என்ர அம்மாவுக்குப் பிரசாவுரிமை பதிஞ்சாச்சு, பதிஞ்சாச்சு எண்டு ஆரோ சொல்லிக்கொண்டே இருந்தவை. அவாவும் நம்பிக்கொண்டே இருந்தா. சாகுமட்டும் அந்தக் கடுதாசியை அவா கண்ணாலை காணேல்லை" என்றார்.

மனைவிக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுது. கடைசிச் சண்டையில் ஷெல் துண்டு பட்டு வலக்கையில் இரண்டு விரல்கள் போய்விட்டன, மற்ற விரல்களும் மடங்காது. அதனால் ஒரு நாளைக்கு நாலு தரம் வயிற்றுக்குள் தண்ணீரை விடுவதும், பழையதை வடிப்பதும், பையை மாற்றுவதும் அவர் கையால்தான் நடந்தன. அதற்கென்று வீட்டில் ஒரு மூலையை மறித்து அறை கட்டினார். ஒரு மூடி போட்ட வாளியின் அடியில் துளைத்துப் பைப் பூட்டி, முழங்கையால் தட்டித் திறக்கவும் மூடவும் கூடியதாக அதற்கு நீளப் பிடி ஒன்று செய்தார். கழுவின கை மறுபடி பைப்பில் படாது. வீடு பார்க்கப் போனபோது நான் அதைப் படம் எடுத்துக்கொண்டு வந்து மற்ற நோயாளிகளுக்கும் காட்டினேன். முள்ளியவளை, உடையார்கட்டு என்று ஆறேழு வீடுகளில் அதே போல வாளி செய்துகொண்டார்கள். அவருக்கு அதில் பெருமை. காட்டிக்கொள்ள மாட்டார். ஆனால் ஒவ்வொரு கிளினிக்கிலும், "எத்தினை வீட்டிலை செய்திட்டினம்?" என்று கேட்பார்.

வடித்த பையைப் பத்திரிகையின் மேல் வைத்து, அதற்குள்ளால் எழுத்தை வாசிக்க முடிகிறதா என்று பார்ப்பது நாங்கள் சொல்லிக்கொடுக்கிற முறை. வாசிக்க முடிந்தால் தண்ணீர் தெளிவு, தொற்று இல்லை. மரண அறிவித்தலில் இருக்கும் ஆகச் சின்ன எழுத்தை வைத்துத்தான் அவர் பார்ப்பார். ஒன்றரை வருடத்துக்குப் பிறகு ஒரு காலையில் அவருக்குத் தலைப்புச் செய்தியே தெரியவில்லை. கழனித் தண்ணீர் மாதிரி இருந்த அந்தப் பையையும், வயிற்றைப் பிடித்துக்கொண்டு முனகிய மனைவியையும் ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து சேர்ந்தார்.

மருந்தைத் தொடங்கினோம். காரணம் என்ற இடத்தில் நான், "கை சரியாகக் கழுவப்படவில்லை" என்று எழுதினேன். நான் அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. பெரும்பாலும் அதுதான் காரணமாக இருக்கும், அதனால் கை தானாகவே எழுதிவிடும்.

அடுத்தநாள் கட்டில் கால்மாட்டில் கிடந்த பைலைக் காட்டி, "இங்கிலீசிலை என்ன எழுதிக் கிடக்கு மிஸி?" என்றார். வாசித்துச் சொன்னேன். அவர் கதிரையை விட்டு எழும்பினார்.

"நீங்க பாத்தீங்களா? நான் கழுவலைன்னு நீங்க பாத்தீங்களா?"

தாயின் தமிழ். வழக்கமாக அப்படித்தான் வரும் ஐயா, என்று ஏதோ சொன்னேன்.

"வழக்கத்தை எழுதாதீங்க. எனக்கு நடந்ததை எழுதுங்க."

அந்த ஒரு வரி அவருக்குப் பெரிய வரி என்பது எனக்கும் தெரியும். தொற்று அடங்காவிட்டால் குழாயைக் கழற்ற வேண்டி வரும். பராமரிப்பவர் கவனமில்லாதவர் என்று பைலில் இருந்தால் மறுபடி குழாய் வைக்க டொக்டர் யோசிப்பார். பிறகு கிழமைக்கு மூன்று நாள் தூர நகரத்துக்குப் போய் இயந்திரத்தில் இரத்தம் சுத்திகரிக்க வேண்டும். விடியமுன் காட்டு றோட்டில் யானைக்கு ஒதுங்கி நடந்து பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். அந்த அம்மாவின் இதயம் அந்த இயந்திரத்தை நெடுநாள் தாங்காது என்று டொக்டர் முதலிலேயே சொல்லியிருந்தார்.

மூன்றாம் நாள் ஆய்வுகூடத்து அக்கா என்னை அவசரமாகக் கூப்பிட்டார். அந்த அம்மாவின் வயிற்றுத் தண்ணீரை விட்டுக் கிருமி வளர வைத்த தட்டு அவர் முன்னால் இருந்தது. கிருமி வளர்ந்த இடமெல்லாம் மை கொட்டினது போல ஊதா.

"நான் இஞ்சை வந்த நாளிலை இருந்து இந்த நிறத்தைக் காணேல்லை" என்றார் அக்கா. "இது சேத்திலையும் தேங்கின தண்ணியிலையும் தன்ர பாட்டிலை இருக்கிறது. மனிசரிலை தொத்திறது அருமை. தொத்தினா லேசிலை விடாது. டொக்டரிட்டை இப்பவே சொல்லும், நீங்கள் குடுக்கிற மருந்து இதுக்குக் கேக்காது."

டொக்டர் மருந்தை மாற்றினார். மாற்றியும் வயிற்றுத் தண்ணீர் தெளியவில்லை. ஐந்தாம் நாள் குழாயைக் கழற்றினார்கள். உயிரைக் காப்பாற்ற அதைவிட வேறு வழி இருக்கவில்லை.

சத்திரசிகிச்சைக் கூடத்துக்கு வெளியே காத்திருந்தவர் என்னைக் கண்டதும், "அந்தத் தட்டை நான் பாக்க வேணும்" என்றார். அக்கா மறுக்கவில்லை. அவர் தட்டை வெளிச்சத்துக்குப் பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

"கத்தரிப்பூ நிறம்" என்றார். பிறகு, "தண்ணியிலை இருக்கிறதெண்டா, எந்தத் தண்ணியிலை?"

நானோ, அக்காவோ, டொக்டரோ அதுவரை கேட்காத கேள்வி. நோயாளி பிழைக்க வேண்டும் என்பதிலேயே எங்கள் கவனம் போய்விட்டது. அவர் பின்னேர பஸ்ஸில் வீட்டுக்குப் போய், மறுநாள் ஆறு போத்தல்களோடு வந்தார். எல்லாம் அவித்துக் காயவைத்த மருந்துப் போத்தல்கள். ஒவ்வொன்றிலும் துண்டு ஒட்டி எழுதியிருந்தார்: கிணறு, வாய்க்கால், அவிச்ச தண்ணி, வாளி, பைப், துவாய் பிழிஞ்சது.

"இஞ்சை தண்ணி பரிசோதிக்கிறேல்லை ஐயா" என்றார் அக்கா. "அதுக்கு வேறை இடம் இருக்கு. எழுதிப் போட வேணும்."

"எழுதிப் போட்டா எப்ப வரும்?"

அக்கா போத்தல்களில் ஒட்டியிருந்த துண்டுகளை ஒவ்வொன்றாக வாசித்தார்.

"உங்களுக்கும் அறிய விருப்பம் இல்லையோ அம்மா? நீங்களும் இந்த நிறத்தைக் கண்டதில்லை எண்டு மிஸி சொன்னவா."

அக்கா என்னை முறைத்தார். பிறகு கையுறையைப் போட்டுக்கொண்டு போத்தல்களை வாங்கினார்.

இரண்டு நாள் கழித்து அவரையும் என்னையும் கூப்பிட்டு ஆறு தட்டுகளையும் மேசையில் வரிசையாக வைத்தார். அவித்த தண்ணீரில் ஒன்றுமே இல்லை. கிணற்றிலும் வாளியிலும் வெள்ளையாய் மஞ்சளாய் ஏதேதோ. வாய்க்காலில் அங்கொன்றும் இங்கொன்றுமாக ஊதாப் பொட்டுகள். பைப் என்று எழுதிய தட்டு மட்டும் முழுக்கக் கத்தரிப்பூ.

அவர் அந்தத் தட்டைக் கிட்ட இழுத்துப் பார்த்தார். பிறகு கையில் கொண்டுவந்த சாப்பாட்டுப் பையைத் திறந்து பைப்பை வெளியே எடுத்தார். வாளியிலிருந்து கழற்றியே கொண்டுவந்திருக்கிறார். எங்கள் முன்னாலேயே மரையைத் திருகி உள்ளே இருந்த றப்பர் வளையத்தை எடுத்துக் காட்டினார். மீனின் மேல்தோல் போல அது வழுவழுத்தது.

"கோடையிலை கிணறு வத்தேக்கை ஒரு கிழமை வாய்க்கால் தண்ணியை வாளிக்கு ஊத்தினனான். பிறகு அவிச்சுத்தான் ஊத்தினது. வாளியை ஒவ்வொரு நாளும் தேய்ச்சுக் கழுவினனான். இதைக் கழட்டிப் பாக்கேல்லை." றப்பர் வளையத்தைப் பெருவிரலால் தடவினார். "எல்லாத்தையும் பாத்தன். நான் செய்த சாமானை மட்டும் பாக்கேல்லை."

கை கழுவக் கழுவ, கழுவின தண்ணீர்தான் கிருமியைக் கையில் ஊற்றியிருக்கிறது. கழுவின பிறகு தடவுகிற கிருமிநீக்கித் திரவம் அந்த மாதம் எங்களிடம் முடிந்துபோயிருந்தது. "வடிவாச் சவுக்காரம் போட்டுக் கழுவினாக் காணும்" என்று கிளினிக்கில் எல்லோருக்கும் சொன்னது நான். ஈரக் கையோடு குழாயைத் தொடக்கூடாது, நன்றாகக் காயவேண்டும் என்பதை அன்றைக்கு நான் அழுத்திச் சொல்லவில்லை.

"அந்த வரியை வெட்டுங்கோ மிஸி" என்றார். "கழுவேல்லை எண்டது பொய். கழுவின தண்ணியாலை வந்தது எண்டு எழுதுங்கோ. நான் செய்த பைப்பாலை வந்தது எண்டும் எழுதுங்கோ."

"ஐயா, அப்பிடி எழுதினாலும் உங்களிலைதானே பிழை வருது. திரும்பக் குழாய் வைக்க மாட்டம் எண்டு சொல்லலாம். தண்ணியாலை எண்டு மட்டும் எழுதிவிடுறன்."

"கண்ட பிறகு காணேல்லை எண்டு சொல்லலாமோ?"

எழுதினேன். அதற்குக் கீழே, திரவம் முடிந்திருந்ததையும் நான் கிளினிக்கில் சொன்னதையும் எழுதிக் கையெழுத்து வைத்தேன். என் வேலைக்கால வாழ்க்கையில் என்னைப் பற்றி நானே எழுதிய முறைப்பாடு அது ஒன்றுதான். அவர் பக்கத்தில் நின்றிராவிட்டால் எழுதியிருப்பேனா என்று இன்றைக்கும் எனக்கு நிச்சயமில்லை.

பேனையை மூடமுதல் அடுத்த கேள்வி வந்தது. "மற்ற வீட்டு வாளியள்?"

அன்று பின்னேரமே தொடங்கினோம். நான் ஸ்கூட்டியில் முன்னால், அவர் ஆரிடமோ இரவல் வாங்கிய மோட்டார் சைக்கிளில் பின்னால். இரண்டு நாளில் எல்லா வீட்டுக்கும் போனோம். இரண்டு வீட்டுப் பைப்புகளுக்குள் அதே வழுவழுப்பு இருந்தது. நல்ல காலம், இன்னும் ஒருவருக்கும் ஒன்றும் ஆகியிருக்கவில்லை. உடையார்கட்டில் ஒரு தாய்க்குப் பொல்லாத கோபம். மகனுக்காகக் கஷ்டப்பட்டுச் செய்த வாளி அது. "நீங்கள்தானே செய்யச் சொன்னனீங்கள், இப்ப நீங்களே கழட்டச் சொல்லுறியள்?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். நான் விளக்கம் சொல்ல வாயெடுக்கமுன் அவர் என்னைத் தாண்டி முன்னுக்குப் போய், "ஓம் தங்கச்சி, உது என்ர யோசினை. பிழைச்சுப் போச்சு. என்ர மனிசி ஆஸ்பத்திரியிலை கிடக்கிறா. கழட்டுங்கோ" என்றார். வாளியை அந்தத் தாயே தூக்கிக்கொண்டு வந்து தந்தார்.

அவித்து ஆறவைத்த தண்ணீரை இன்னொருவர் கோப்பையால் ஊற்ற, கழுவி, வெயிலில் காய்ந்த துவாயால் துடைத்து, கை முழுக்கக் காயும்வரை பொறுத்திருப்பது என்று முறையை மாற்றினோம். அவர் அதையும் செய்து பார்த்து, கை காய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று சொன்ன பிறகுதான் நான் மற்றவர்களுக்குச் சொன்னேன்.

அந்த அம்மா அடுத்த நாலு மாதமும் இயந்திரத்துக்குப் போய் வந்தார். போகிற ஒவ்வொரு நாளும் ஆள் சிறுத்துக்கொண்டே வந்தார். அந்த நாலு மாதமும் கணவர் வேறொரு வேலையும் பார்த்திருக்கிறார். என்னிடம் காலாவதியான ஒரு பையையும் குழாயையும் கேட்டு வாங்கிக்கொண்டு போய், இடக்கையால் பூட்டவும் கழற்றவும் மனைவியைப் பழக்கினார். "என்னாலை ஏலாது" என்று அந்த அம்மா அழுதால், "அழுதுபோட்டு வாங்கோ, நான் இருக்கிறன்" என்பாராம். மடங்காத விரல்களால் மூடியை எப்படி அமத்திப் பிடிப்பது என்று தன் விரல்களைத் துணியால் கட்டிக்கொண்டு அவரே முதலில் செய்து பார்த்தாராம். இதை அந்த அம்மா என்னிடம் சொன்னபோது சிரிக்கவில்லை.

குழாய் மறுபடி வைப்பதா என்று முடிவெடுக்க டொக்டர் இருவரையும் கூப்பிட்டார். பைலைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். "வீட்டிலை செய்த சாமானாலை வந்த தொற்று எண்டு எழுதிக் கிடக்கு. திரும்பவும் அதே வீடு, அதே ஆள். நான் எதை நம்பி வைக்கிறது அம்மா?"

மனைவிதான் பேசினார்.

"டொக்டர், அந்தப் பிழையைக் கண்டுபிடிச்சது ஆர்? நீங்கள் ஒருத்தரும் இல்லை. இந்த மனிசன்தான். சொல்லாமல் விட்டிருந்தா உங்களுக்குத் தெரியவே வந்திராது. தன்ர பிழையைத் தேடிப் பிடிச்சுக்கொண்டு வந்து உங்கட மேசையிலை வைக்கிற ஆளை நம்பாமல் வேறை ஆரை நம்பப் போறியள்?"

டொக்டர் பைலை மூடினார். அடுத்த கிழமைக்கு நாள் குறித்தார்.

குழாயை மறுபடி வைத்து மூன்றரை வருடம் போனது. ஒருமுறை கூடத் தண்ணீர் கலங்கவில்லை. நான் வவுனியாவுக்கு மாற்றலாகிப் போன பிறகும் அந்த அம்மா நல்ல நாள் பெருநாளில் தொலைபேசி எடுப்பார். ஒருநாள் காலை எட்டு மணிக்கு எடுத்தார்.

"மிஸி, அவர் போயிட்டார். விடிய வயலுக்குப் போனவர், வரம்பிலை விழுந்து கிடந்திருக்கிறார். நெஞ்சுவலியாம்." குரல் நடுங்கியது, ஆனால் நிற்கவில்லை. "பதினொரு மணிக்கு நான் தண்ணி மாத்த வேணும். வீடு நிறையச் சனம். எல்லாரும் கட்டிப் பிடிச்சு அழுகினம். நான் என்ன செய்ய?"

"தலை தோய்ஞ்சுபோட்டு உடுப்பை மாத்துங்கோ. நான் வாறன்" என்றேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது பதினொன்றரை. முற்றத்தில் தறப்பாள் கட்டியிருந்தார்கள். விறாந்தையில் அவரைக் கிடத்தியிருந்தார்கள். அந்த அம்மா தலை ஈரத்தோடு அறை வாசலில் நின்றார். "புருசன் கிடக்கேக்கை அறையைப் பூட்டிக்கொண்டு உள்ளுக்கு என்ன வேலை?" என்று வயதான உறவுக்காரி ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இதை நான் பிந்த விட்டா மனிசன் எழும்பி வந்து ஏசும் மாமி" என்று சொல்லிவிட்டு அந்த அம்மா என்னை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

கண்ணாடி யன்னலையும் பூட்டினோம். வெளியே ஒப்பாரி கேட்டுக்கொண்டிருந்தது. நான் கோப்பையால் தண்ணீர் ஊற்ற, அவர் விரல் இடுக்கெல்லாம் தேய்த்துக் கழுவினார். துடைத்துவிட்டுக் கைகளை முன்னால் நீட்டிக்கொண்டு காயும்வரை இருந்தார். கண்ணீர் வழிந்தது. துடைக்கவில்லை, துடைத்தால் கையை மறுபடி கழுவ வேண்டும். நான் துணியொன்றை எடுத்து அவர் முகத்தைத் துடைத்துவிட்டு, முகமூடியைக் கட்டிவிட்டேன். நான் பூட்டித் தரவோ என்று கேட்டேன். தலையை ஆட்டி மறுத்தார்.

இடக்கையால் மூடியைக் கழற்றினார். வலக்கையின் விரல்களால் குழாயை அமத்திப் பிடித்தார். ஒரே முறையில் பூட்டினார். வயிற்றிலிருந்து தண்ணீர் வடியத் தொடங்கியது. வடிந்து முடிய, புதுத் தண்ணீர் உள்ளே இறங்கியது. முடிந்ததும் புது மூடியைப் போட்டு இறுக்கினார். நிறைந்த பையை இரண்டு கையாலும் தூக்கி யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"தெளிவு" என்றார்.

பையைக் கீழே வைத்துவிட்டு, சேலையைச் சரிசெய்துகொண்டு, கதவைத் திறந்து, அவரருகில் போய் இருந்தார்.